காலையில் எழ முடியாமல் தவிப்பது ஹார்மோன் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாரம் அடித்த பிறகும் எழ முடியாதவரைப் பார்த்து வீட்டில் சொல்லப்படும் முதல் வார்த்தை ‘சோம்பேறி’ என்பதாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் விடையோ ‘உங்கள் ஹார்மோன்கள் சமநிலை இழந்துவிட்டன’ என்பதாக இருக்கிறது. இரண்டுமே பெரும்பாலானோருக்குப் பொருந்தாதவை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழும் நம்மவர்கள் இது குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விளக்கங்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலையில் எழுவதற்கும் ஹார்மோன்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் ஹார்மோன்கள் தாமாக எதையும் முடிவு செய்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குள் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு பகல் எது, இரவு எது என்று கணித்து, உடல் முழுவதற்கும் நேரம் குறிக்கும் மையக் கடிகாரம் அதுதான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரத்தின் கட்டளைப்படி இரண்டு ஹார்மோன்கள் முக்கியமாக வேலை செய்கின்றன. ஒன்று மெலடோனின். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பிருந்தே பீனியல் சுரப்பியிலிருந்து அது சுரக்கத் தொடங்கி, இரவு முழுவதும் உயர்ந்து நின்று, விடியலை ஒட்டிக் குறைகிறது. மற்றொன்று, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உருவாக்கும் கார்டிசோல். நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும் இது, பின்னிரவில் படிப்படியாக ஏறி, கண் விழித்த 30 முதல் 45 நிமிடங்களுக்குள், விழித்த நொடியில் இருந்த அளவைவிடப் பாதிக்கு மேல் உயர்வது பலரிடம் காணப்படுகிறது. மெலடோனின் இறங்கி முடிப்பதற்கு முன்பே, கார்டிசோல் ஏறி முடிப்பதற்கு முன்பே, நாம் உடலை எழுப்பிவிட்டால் அது தள்ளாடத்தான் செய்யும். ஆகவே பெரும்பாலானோரின் சிக்கல் ஹார்மோன் குறைபாடு அல்ல, நேரம் பொருந்தாமைதான்.

விழித்து அரை மணி நேரம் ஆகியும் மூளை மந்தமாகவே இருக்கிறது. இது நோயா?

நோய் அன்று. தூக்கத்திலிருந்து விழிப்புக்கு மூளை ஒரே நொடியில் மாறுவதில்லை. விழித்த பின் 15 முதல் 30 நிமிடங்கள் வரை, சிலருக்கு ஒரு மணி நேரம் வரைகூட, யோசனையும் கைகால் ஒத்துழைப்பும் மந்தமாக இருப்பது இயல்பு. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே அலாரம் அடித்தாலும், முந்தைய நாட்களின் தூக்கக் கடன் சேர்ந்திருந்தாலும் அந்த மந்தம் கூடுதலாக இருக்கும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. 5 மணி நேரம் மட்டுமே தூங்கிவிட்டு, எந்த ஹார்மோன் கெட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் தூங்க வேண்டும்.

அலாரத்தைத் தள்ளித் தள்ளி வைப்பது கெடுதலா என்றும் கேட்கிறார்கள். ஓரிரு முறை தள்ளி வைப்பதால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. ஆனால் 5 மணிக்கு அடிக்கத் தொடங்கி 6 மணி வரை தள்ளிப்போடுவதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது துண்டு துண்டான தூக்கம்தான். நேராக 5.50க்கு அலாரம் வைத்துவிட்டு அதுவரை நிம்மதியாகத் தூங்குவது மேல்.

தமிழ்நாட்டுக்குப் போனால் 6 மணிக்கே எளிதாக எழுந்துவிடுகிறேன், கோலாலம்பூரில் முடிவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் எண்ணம். இதற்கான விடையை நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை.

இரண்டரை மணி நேர வித்தியாசத்தால் முதல் சில நாட்களுக்கு நம் உடல் முந்தி விழிப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் கடிகாரமே. 1981 வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காக, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. நாட்டுக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் சூரியன் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.25க்கும் இடையில்தான் சூரியன் உதிக்கிறது. இன்னும் மேற்கே இருக்கும் பினாங்கில் அதைவிடச் சில நிமிடங்கள் தாமதம். சென்னையிலோ ஆண்டின் பெரும்பகுதியில் சூரிய உதயம் 6 மணியை ஒட்டியே அமைகிறது.

இதன் பொருளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரின் உண்மையான நடுப்பகல் கடிகாரத்தில் 1.15 அளவில் வருகிறது. ஆகவே உண்மையான நள்ளிரவும் 1.15 அளவில்தான். நாம் 5.30க்கு அலாரம் வைத்து எழும்போது, சூரியக் கணக்குப்படி அது அதிகாலை 4.15. மெலடோனின் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. உடல் வெப்பம் அன்றைய தாழ்ந்த நிலையைக் கடந்து வெகுநேரம் ஆகியிருக்காது. செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், வெளியே கும்மிருட்டாக இருக்கும்போது, ஒற்றை விளக்கின் கீழ் பிள்ளையின் உணவுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்க்குக் கண் எரிகிறதென்றால், அவருடைய உடல் சரியாகத்தான் வேலை செய்கிறது.

எனவே வெளிச்சத்தை நாம் தேடிப் போக வேண்டும். எழுந்தவுடன் வீட்டில் இருப்பவற்றிலேயே பிரகாசமான விளக்கைப் போடுவது முதல் படி. ஆனால் வீட்டு விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவதில்லை. மேகமூட்டமான காலையில் கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. அதனால் 7.30க்குப் பிறகு 15 முதல் 30 நிமிடங்களாவது திறந்த வெளியில் இருக்க வழி தேடுங்கள். ஓர் எல்.ஆர்.டி. நிலையம் முன்னதாக இறங்கி நடக்கலாம். வாகன நிறுத்துமிடத்தின் அடித்தளத்திலிருந்து மின்தூக்கியில் நேராக அலுவலகத்துக்கு ஏறாமல், வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போகலாம். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. இரவு வெளிச்சம் அதைப் பின்னே தள்ளுகிறது. மனித உடல் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது என்பதால், இழுத்துப் பிடிக்க ஆளில்லாவிட்டால் அது நாளுக்கு நாள் தாமதமாகிக்கொண்டே போகும்.

அதிகாலை 4.30க்குப் பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. உதயத்துக்கு ஏறத்தாழ 1 மணி 36 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிப்பது. உதயம் 6 மணியை ஒட்டி அமையும் ஊரில் அது 4.30 அளவில் தொடங்கும். 7.15க்கு உதயமாகும் கோலாலம்பூரில் அதே முகூர்த்தம் 5.40 அளவில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டு நாட்காட்டியின் நேரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து, நள்ளிரவு கழிந்து மூன்று மணி நேரமே ஆன உடலை எழுப்புவது அந்த மரபின் நோக்கமாக இருக்க முடியாது. மார்கழி மாதத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் முன்னிரவிலேயே படுத்துவிட்டால் விடியலுக்கு முன் எழுவதில் எந்தத் தீங்கும் இல்லை. நள்ளிரவு வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு 4.30க்கு எழுவதுதான் தீங்கு.

என் மகனுக்கு 15 வயது. தினமும் எழுப்புவதற்குள் சண்டையாகிவிடுகிறது. கண்டிப்பதா, விட்டுவிடுவதா?

பருவ வயதில் உடல் கடிகாரம் உண்மையிலேயே தாமதமாகிறது. மெலடோனின் சுரப்பு குழந்தைப் பருவத்தில் இருந்ததைவிடப் பிந்தித் தொடங்குவதால், இரவு 11 மணிக்கு முன் பல பிள்ளைகளுக்குத் தூக்கமே வராது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. இடைநிலைப்பள்ளி 7.30ஐ ஒட்டித் தொடங்குகிறது. பள்ளி வேன் 6.15க்கே வாசலில் நிற்கிறது. 11 மணிக்குத் தூங்கி 5.30க்கு எழும் பிள்ளைக்கு ஆறரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது. சூரியக் கணக்கில் 4.15க்கு ஒரு பதின்ம வயதுப் பிள்ளையை எழுப்பிவிட்டு, ‘பொறுப்பில்லை’ என்று திட்டுவது நியாயம் ஆகாது.

அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். டியூஷன் முடிந்து 10 மணிக்கு வீடு திரும்பும் வழக்கத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். படுக்கைக்குப் போகும்போது கைப்பேசி அறைக்கு வெளியே இருக்கட்டும். இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தினால்தான் நிலைக்கும். விடுமுறை நாட்களில் வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடலாம். நண்பகல் வரை விட்டால் திங்கட்கிழமை மீண்டும் தொடக்கத்திலிருந்து போராட வேண்டியிருக்கும். மதியம் பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரக் குட்டித் தூக்கம் நல்லதே; மாலை வரை நீளும் தூக்கம் இரவைக் கெடுக்கும்.

தைராய்டு குறைந்தால் காலையில் எழ முடியாது என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

எழ முடியாமைக்கு உண்மையான ஹார்மோன் காரணம் இருக்குமானால், அது தைராய்டாக இருக்கும் வாய்ப்புக் கணிசமானது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு, மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும் குளிரூட்டப்பட்ட அறையில் தமக்கு மட்டும் தாங்க முடியாத குளிர், மலச்சிக்கல், உலர்ந்த தோல், முடி உதிர்வு, குரல் கரகரப்பு, அதிக மாதவிடாய்ப் போக்கு, காரணமில்லாமல் சற்று எடை கூடுதல் ஆகியவற்றில் சில சேர்ந்து இருந்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். டி.எஸ்.எச். எனும் எளிய இரத்தப் பரிசோதனையே தொடக்கத்துக்குப் போதுமானது. அது உயர்ந்திருந்தால், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸின் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இந்தப் பரிசோதனையின் முடிவைத் திரித்துவிடக்கூடும் என்பதால், அவற்றை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து எளிது, அதை உட்கொள்ளும் முறையில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். லெவோதைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் மட்டுமே விழுங்கி, 30 முதல் 60 நிமிடங்கள் கழித்துத்தான் கோப்பியோ பசியாறலோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாய் கோப்பியோடு மாத்திரையை உள்ளே தள்ளினால் மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமலே போய்விடும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 6 முதல் 8 வாரங்களில் மீண்டும் இரத்தம் எடுத்து அளவைச் சரிசெய்வார்கள். ‘இப்போது நன்றாக இருக்கிறேனே’ என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

‘அட்ரினல் களைப்பு’ என்ற நோய்க்கு ஊக்கப் பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மன அழுத்தத்தால் அட்ரினல் சுரப்பி ‘களைத்துப் போய்’ கார்டிசோலைக் குறைத்துவிடுகிறது என்ற கருத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் இதை நோயாக ஏற்கவில்லை. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2016இல் வெளிவந்த கட்டுரையும் இதையே உறுதி செய்தது. களைப்பு உண்மை; அதற்குக் கொடுக்கப்படும் பெயர்தான் பொய்.

அட்ரினல் சுரப்பி உண்மையாகவே செயலிழக்கும் அடிசன் நோய் ஒன்று இருக்கிறது. அது அரிது, ஆனால் ஆபத்தானது. தொடர்ந்து எடை குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, உப்பின் மீது அடங்காத ஆசை, வாந்தி, உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் கருமை படர்வது ஆகியவை அதன் அறிகுறிகள். காலை 8 மணியளவில் எடுக்கும் கார்டிசோல் பரிசோதனையிலிருந்து அதற்கான தேடலை மருத்துவர் தொடங்குவார்.

இந்த நாட்டில் இதைவிட அதிகமாக நான் அஞ்சுவது வேறொன்று. மூட்டு வலிக்கும் உடல் அசதிக்கும் என்று இரவுச் சந்தையிலோ தெரிந்தவர் மூலமாகவோ கிடைக்கும், பெயர்ச்சீட்டு இல்லாத சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் கட்டிய பழுப்பு நிறப் பொடியும் உருண்டைகளும் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு வந்துவிட்டதாகத் தோன்றும். சில வாரங்களில் முகம் உருண்டையாகப் பூரிக்கும், இரத்தச் சர்க்கரை ஏறும், லேசாக இடித்தாலும் தோலில் நீலம் பாயும். இத்தகைய ‘பாரம்பரிய’ மருந்துகள் பலவற்றில் கார்டிசோலைப் போலவே வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்து வருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடல் தன் சொந்தக் கார்டிசோலை உருவாக்குவதை நிறுத்திவிடும். அப்போது பொட்டலம் தீர்ந்து போனாலோ, பயந்து திடீரென்று நிறுத்தினாலோ, காலையில் எழ முடியாத அளவுக்குத் தளர்ச்சியும் வாந்தியும் மயக்கமும் வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வாரக் கணக்கில் அப்படிப்பட்ட மருந்தை உட்கொண்டிருந்தால் தாமாக நிறுத்தாமல், பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்க வேண்டாம். இனி வாங்கும் எந்த மருந்தாக இருந்தாலும், ‘எம்.ஏ.எல்.’ (MAL) என்று தொடங்கும் பதிவெண் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எழுவதே பாடாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் இன்னும் மோசமாகுமா?

முட்டை வெளிப்பட்ட பிறகு உயரும் புரோஜெஸ்டரோன் உடல் வெப்பத்தை அரை டிகிரி செல்சியஸ் வரை கூட்டுகிறது. புழுக்கமான நம் இரவுகளில் அந்தச் சிறு உயர்வே தூக்கத்தைக் கலைக்கப் போதுமானது. மாதவிடாய் நெருங்கும்போது அதே ஹார்மோன் சரிவதால் மனமும் உடலும் சோர்ந்துபோகின்றன. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வரும் பெருந்தூக்கத்துக்கும் புரோஜெஸ்டரோன் ஒரு காரணம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் களைப்பை மட்டும், குழந்தை தூங்க விடாததால் வந்தது என்று எல்லாருமே தட்டிக் கழித்துவிடுகிறார்கள்; அந்தக் காலத்தில் தைராய்டு அழற்சியும் மனச்சோர்வும் தலைகாட்டக்கூடும் என்பதால் சில மாதங்களுக்கு மேல் நீடித்தால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாற்பதுகளின் நடுவிலிருந்து ஈஸ்ட்ரோஜென் எனும் பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கும்போது, இரவில் திடீரென்று உடல் கொதித்து, வியர்வையில் நனைந்து விழிப்பது பல பெண்களின் அனுபவம். ‘இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதானே’ என்று நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும் சகித்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டார்கள். சகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பொருந்தக்கூடியவர்களுக்கு அது நல்ல பலன் தருகிறது. மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு போன்ற முன்வரலாறு உள்ளவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள்.

பெண்களின் காலைக் களைப்பில் ஹார்மோனைவிட அதிகமாகக் குற்றவாளியாக இருப்பது இரத்தச் சோகை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 10 பேரில் ஏறத்தாழ மூவருக்கு இரத்தச் சோகை இருந்தது. சோற்றோடு கீரையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு தே குடித்தால், உணவிலுள்ள இரும்புச் சத்தின் பெரும்பகுதியைத் தேயிலை பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்; உணவோடு எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவுதான் காரணமா?

சில சமயம். ஆனால் பெரும்பாலும் காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கின்றன: அந்த ஹார்மோன் பெருமளவில் உருவாவது தூக்கத்தில் என்பதால், தூக்கம் குறைந்தால் அதுவும் குறைகிறது. பரிசோதிப்பதாக இருந்தால் காலை 11 மணிக்குள் இரத்தம் எடுத்து, குறைவாக வந்தால் மற்றொரு நாள் காலையிலும் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

இனிப்பு நீர் எனும் நீரிழிவும் குறட்டையும் இதில் எங்கே வருகின்றன?

முன்வரிசையில் வருகின்றன. 2019ஆம் ஆண்டின் அதே ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முதன்மை இனங்களுள் இந்தியர்களிடம்தான் அதன் அளவு மிக அதிகம். சர்க்கரை உயர்ந்திருப்பவர் இரவில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுவார். காலையில் நாக்கு வறண்டு, உடல் கனத்துக் கிடப்பார். இரவு 10 மணிக்கு மேல் ரொட்டி சானாய் சாப்பிடுவது இதை மேலும் கெடுக்கிறது. மெலடோனின் ஏறியிருக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தப்படுவதால், அதே உணவு பகலில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையை அதிகமாக ஏற்றுகிறது.

குறட்டையை நம் குடும்பங்களில் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, சில நொடிகள் கழித்துத் திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது தூக்க மூச்சுத்தடை. மூச்சு ஒவ்வொரு முறை தடைப்படும்போதும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்வதால், 8 மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய பலன் கிடைப்பதில்லை. காலைத் தலைவலி, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் செருகுவது, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தூங்குபவருக்கு இது தெரியாது. அருகில் படுப்பவர்தான் சாட்சி. மனைவியோ கணவரோ கைப்பேசியில் ஒரு நிமிட ஒலிப்பதிவு செய்து மருத்துவரிடம் காட்டினால் பேருதவியாக இருக்கும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். எனக்கு எது காலை?

1970களில் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கிய நாள் முதலே பினாங்குக் குடும்பங்கள் பலவற்றின் நாள் ஷிப்டைச் சுற்றித்தான் நகர்ந்து வந்திருக்கிறது. காலை 7 மணிக்கு வேலை முடிந்து, பாலத்தைக் கடந்து பிறைக்கோ பட்டர்வொர்த்துக்கோ செல்லும் தொழிற்சாலைப் பேருந்தில் உட்காரும்போது, உதயச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கிறது. ‘இப்போது விடிந்துவிட்டது, விழித்துக்கொள்’ என்று உடல் கடிகாரத்துக்கு அதைவிட வலுவான கட்டளை வேறில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

பேருந்தில் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வண்டி ஓட்டிப் போகிறவர்கள் மட்டும் கண்ணாடியால் தூக்கம் சொக்கினால் தவிர்க்க வேண்டும். படுக்கையறைச் சன்னலைத் தடித்த திரையால் மூடி, 9 மணிக்குள் படுத்துவிட வேண்டும். துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதும் தூங்கி எழுந்த பின் ஆகட்டும். வேலை தொடங்கும் நேரத்தில் பிரகாசமான வெளிச்சமும் ஒரு கோப்பியும் உதவும். பின்னிரவில் கோப்பி வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுவதாக இருந்தால், பகலிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் மாறும் வரிசையே உடலுக்கு எளிது. இரவு வேலை செய்கிறவர் பகலில் தூங்குவதை வீட்டிலுள்ளவர்கள் மதிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பாக, இரவு வேலைக்குப் போகும் பெண் பகலில் சமைத்துப் போடவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருடைய உடல்நலத்தை விலையாகக் கேட்பதாகும்.

இரவில் மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடித்தால் என்ன ஆகிவிடும்?

உடலுக்குள் போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. காற்பந்து ஆட்டம் பார்த்தபடி இரவு 11 மணிக்குக் குடித்ததில் பாதி, அதிகாலை 4 மணிக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ‘எனக்குக் குடித்தாலும் தூக்கம் வருமே’ என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறைகிறது. மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம் என்பது பாதுகாப்பான வரம்பு.

மெலடோனின் மாத்திரையை இணையத்தில் வாங்கிச் சாப்பிடலாமா?

மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் வேண்டாம். அது தூக்க மாத்திரை அன்று. கடிகாரத்தை நகர்த்தும் ஹார்மோன். சரியான நேரத்தில், குறைந்த அளவில் எடுத்தால் தாமதமான கடிகாரத்தை முன்னே கொண்டுவரும். தவறான நேரத்தில் எடுத்தால் மறுநாள் காலையில் கூடுதல் மயக்கம்தான் மிஞ்சும்.

எழ முடியாமல் இல்லை, எழவே மனமில்லை. இது வேறா?

வேறுதான், இதைப் பிரித்துச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருப்பதே பெரிய உதவி. தூக்கம் போதாதவர் எப்படியோ எழுந்து குளித்துவிட்டால் 10 மணிக்குள் ஓரளவு தேறிவிடுவார். மனச்சோர்வில் இருப்பவர் பல சமயம் அதிகாலை 3 அல்லது 4 மணிக்கே விழித்து, விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். காலை வேளைதான் அவருக்கு மிகக் கனமாக இருக்கும். மாலையில் சற்று இலேசாகும். முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தன்மேல் ஓயாத குற்ற உணர்ச்சி, பசியில் மாற்றம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது குணமாகக்கூடிய நோய். குணக்கேடோ, வேண்டுதல் குறையோ, பிறர் கண் பட்டதோ அன்று. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன சொல்வது, என்ன கேட்பது?

‘டயர்டா இருக்கு டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு திரும்ப நேரிடும். போவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கடைசிக் கோப்பி எப்போது, விடுமுறை நாளில் அலாரம் இல்லாமல் எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது. இதில் கடைசி விவரம்தான் உங்கள் உடல் கடிகாரம் எங்கே நிற்கிறது என்பதை மருத்துவருக்குக் காட்டும்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். முழு இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, டி.எஸ்.எச். ஆகியவை எனக்குத் தேவைப்படுமா என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 40 வயதைக் கடந்த, அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தினர் ‘பெக்கா பி40’ திட்டத்தின் கீழ் நீரிழிவு, கொழுப்பு உள்ளிட்ட பரிசோதனைகளை, திட்டத்தில் பதிந்துகொண்ட தனியார் கிளினிக்குகளிலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ‘முழு ஹார்மோன் பரிசோதனை’ என்று பல நூறு வெள்ளிக்கு விற்கப்படும் தொகுப்புகளுக்கு, மருத்துவர் சொல்லாத வரை பணம் கட்ட வேண்டாம். நாளின் எந்த நேரத்தில் எடுத்தது என்று குறிக்கப்படாத கார்டிசோல் அளவை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது.

உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, ஜாமு, ஊக்கப் பொடி, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரை எதையும் விட்டுவிட வேண்டாம். களைப்போடு எடை வேகமாகக் குறைதல், தொடர் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயங்கி விழுதல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.